சிஃபாவின் எடை

கல்லூரிப் பேருந்து காலையில் வந்தபோது இருந்ததைவிட மாலையில் திரும்பும்போது இருபது கிலோ கூடுதலாக இருந்தது. ஆட்கள் அதே நாற்பத்தாறு பேர், பைகளும் அதே பைகள். டீசல் கொஞ்சம் குறைந்திருந்தது. சாப்பாட்டு டப்பாக்கள் காலியாகியிருந்தன. ஆனால் சாப்பாடு டப்பாவில் இருந்தால் என்ன, வயிற்றில் இருந்தால் என்ன, வண்டிக்கு இரண்டும் ஒன்றுதான். நியாயப்படி எடை இறங்கியிருக்க வேண்டும், ஏறியிருந்தது. இது 2022 ஆகஸ்டில், கும்மிடிப்பூண்டியிலிருந்து தேர்வாய் கண்டிகை போகும் சாலையில் உள்ள ஒரு பொறியியல் கல்லூரியில் நடந்தது. அந்த மாதம் கத்தரிக்காய் மலிந்திருந்தது, மழை இல்லை.

இதைக் கண்டுபிடித்தது ஆராய்ச்சி எதுவும் இல்லை, ஓட்டுநர் மோகன்ராஜின் பழக்கதோஷம். இருபது வருடம் உருக்காலைகளுக்குப் பழைய இரும்பு ஏற்றிய மனிதர் அவர். காலி வண்டிக்கு ஒரு சீட்டு, லோடு வண்டிக்கு ஒரு சீட்டு என்று எடை மேடையில் ஏறி இறங்கியே பாதி ஆயுள் போயிருந்தது. கல்லூரியில் சேர்ந்த பிறகும், நெடுஞ்சாலையோரம் எடை மேடை கண்ணில் பட்டால் கை தானாக ஸ்டியரிங்கை ஒடித்துவிடும். மேடைக்காரர் ஆதிகேசவன் பழைய சிநேகிதர், அவரும் ஏன் என்று கேட்காமல் சீட்டு கிழித்துக் கொடுப்பார். உள்ளே இருக்கும் பிள்ளைகள் நாங்கள் என்ன தகரமா என்று கத்துவார்கள். மோகன்ராஜ் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, காரியம் முடிந்த திருப்தியோடு கியரைப் போடுவார். இப்படி இரண்டு மாதம் சேர்ந்த சீட்டுகளை ஒரு நாள் சும்மா உட்கார்ந்து அடுக்கிப் பார்த்தபோதுதான் அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. அடுக்கிய கட்டோடு நேராக மின்னியல் துறைக்குப் போய், ஹேமாவதி மேடத்தின் மேசையில் வைத்தார்.

"மேடம், செவ்வாயும் வியாழனும் மட்டுந்தான் வெயிட்டு ஏறுது. மத்த நாள்ல கிராம்கூட ஏறல. அந்த ரெண்டு நாளும் பசங்க மேல இன்னா ஏத்துறீங்க நீங்க?"

செவ்வாயும் வியாழனும் அவளுடைய மின் இயந்திரங்கள் வகுப்பு. ஹேமாவதிக்கு அப்போது முப்பத்தாறு வயது. அப்பா ஓர் அனல்மின் நிலையத்தில் ஒப்பந்த வேலை பார்த்தவர், அதனால் மின்சாரத்தைப் பாடமாகப் படிக்கும் முன்பே வீட்டுப் பேச்சாகக் கேட்டு வளர்ந்தவள். அவளுடைய வகுப்பறையில் புரொஜெக்டர் கெட்டுப்போய் எட்டு மாதமாகியும் யாரும் வந்து பார்க்கவில்லை. கேட்டுக் கேட்டு அலுத்துப்போனவள், பழைய இரும்புக் கடையிலிருந்து எரிந்துபோன மோட்டார் ஒன்றை வாங்கி வந்து மேசைமேல் வைத்து, பிள்ளைகளையே கழற்றச் சொன்னாள். வீட்டுப் பாடம் என்று ஒன்றே ஒன்று கொடுப்பாள்: இன்று பார்த்ததை வீட்டில் யாராவது ஒருவருக்கு, வீட்டில் பேசுகிற பேச்சிலேயே சொல்ல வேண்டும், அவர்கள் திருப்பிக் கேட்கும் கேள்வியை அடுத்த வகுப்புக்குக் கொண்டுவர வேண்டும். இதற்கு அவள் பெயர் எதுவும் வைத்திருக்கவில்லை.

பெயர் வைக்கத் தாளாளர் மணவாளன் இருந்தார். தரம் பார்க்கும் குழு வரப்போகிற வருடம் அது. புதுமையான கற்பித்தல் முறை என்ன இருக்கிறது என்று படிவத்தில் கேட்டிருந்தார்கள். மற்ற கல்லூரிகள் எல்லாம் வட்டமாக உட்கார்ந்து பேசுகிற புகைப்படம் வைத்திருந்தன. இவரிடம் எடைச் சீட்டு இருந்தது. படிப்பை அளக்க முடியாது என்று இத்தனை நாளாக எல்லோரும் தன்னை ஏமாற்றியதாகவே அவருக்குத் தோன்றியது. ஒரே மாதத்தில் எல்லா வகுப்பறை வாசலிலும் மூட்டை நிறுக்கும் தராசு வந்து இறங்கியது. உள்ளே போகும்போது ஓர் எடை, வெளியே வரும்போது ஓர் எடை, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அந்த ஆசிரியரின் திறமை. தலைக்கு முந்நூறு கிராம் குறைந்தபட்சம் என்று சுற்றறிக்கையும் வந்தது. வாத்தியார்கள் லேசுப்பட்டவர்களா? வகுப்பு முடிய ஐந்து நிமிடம் இருக்கையில் பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு டம்ளர் நீர்மோர் கொடுத்தார் ஒருவர். இயந்திரவியல் துறையில் சட்டைப் பையில் நட்டு போட்டு அனுப்பினார்கள். இந்த ஊரில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் இரும்பு நட்டுக்குப் பஞ்சம் வராது. எல்லா வகுப்பிலும் படிப்பு ஏறியது. மணவாளன் வரைபடத்தைச் சட்டம் போட்டு அலுவலகத்தில் மாட்டினார்.

ஹேமாவதிக்கு மட்டும் வேறு ஒரு கவலை வந்துவிட்டது. மாலைச் சீட்டையே எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, அவள் மறுநாள் காலைச் சீட்டைப் பார்த்தாள். ஏறிய இருபது கிலோ மறுநாள் காலையில் இல்லை. வண்டி பழைய எடைக்கே வந்திருந்தது. எங்கே போகிறது என்பதற்கு ஊரில் பல பேச்சு. பொன்னேரி வரைக்கும் உள்ள வேகத்தடைகளில் சிந்திவிடுகிறது என்று ஆதிகேசவன் சொன்னார். அந்த இடங்களில் தார் உள்வாங்கியிருப்பதைக் காட்டவும் செய்தார். பிள்ளைகளில் பாதிப் பேர் வீட்டுக்குப் போய்ப் பையைப் போட்டுவிட்டு பேக்கிங் வேலைக்குப் போகிறவர்கள், அட்டைப்பெட்டி ஒட்டும்போது உதிர்ந்துவிடும் என்று ஹேமாவதி நினைத்தாள். வீட்டில் யாரிடமாவது சொன்னீர்களா என்று கேட்டால் தலையை ஆட்டுவார்கள். கேள்வி எங்கே என்றால் கூரையைப் பார்ப்பார்கள். காலை எடையையும் எழுதலாமே என்று அவள் மணவாளனிடம் போய்க் கேட்டாள். காலை எடைக்குப் படிவத்தில் கட்டம் இல்லை என்று அவர் மரியாதையாகவே பதில் சொன்னார்.

ஒரு திங்கட்கிழமை முதல் மணி நேரத்தில் அவளே முப்பத்திரண்டு பேரையும் வரிசையில் நிறுத்தித் தராசில் ஏற்றினாள். எல்லோரும் அவரவர் சொந்த எடைக்கு இறங்கியிருந்தார்கள். ஒருத்தி மட்டும் இறங்கவில்லை. பழவேற்காட்டிலிருந்து வருகிற சிஃபா. கழுத்தெலும்பு தெரிகிற ஒல்லிப் பெண், கல்லூரியில் சேர்ந்தபோது நாற்பத்தேழு கிலோ, அன்று ஐம்பத்தைந்து. உடம்பில் ஒரு சுற்றும் கூடியிருக்கவில்லை. ஹேமாவதிக்கு வந்த சந்தோஷத்தை இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும். பதினோரு வருடம் கத்தியதில் ஒன்று தங்கியிருக்கிறது என்று கண்ணால் பார்த்த சந்தோஷம் அது. தராசுமுள்ளை அவள் மூன்று முறை பார்த்தாள்.

சிஃபாவின் அம்மா சைதா. கணவர் கமால் இறந்த பிறகு கருவாட்டு வியாபாரத்தைத் தானே எடுத்து நடத்துகிறவர்; ஏரியில் படகேறி அக்கரைக் குப்பங்களுக்குப் போய்க் கருவாடு வாங்கிவந்து விற்பவர். அவருக்கு இருந்தது ஒரே பிடிவாதம், மகள் கருவாட்டுக் கூடைப் பக்கம் வரக்கூடாது. கம்பெனி வேலை, கழுத்தில் அடையாள அட்டை, ஏசி பஸ், அவ்வளவுதான் அவர் கேட்டது. செவ்வாயும் வியாழனும் சாயங்காலம் அவர் கருவாடு தரம் பிரிக்கும்போது சிஃபா எதிரில் உட்கார்ந்து பாடம் சொல்வாள். சைதா ஐந்தாவதோடு நின்றவர், ஆனால் கேள்வி கேட்பதில் கெட்டிக்காரர். மோட்டாருக்குள்ளே சுழலும் ரோட்டர் காந்தப்புலத்தைத் துரத்துகிறது, எட்டிப் பிடிப்பதே இல்லை என்று ஒரு நாள் மகள் சொன்னபோது, "புடிச்சிட்டா இன்னா ஆவும்?" என்று கேட்டார். பிடித்துவிட்டால் சுற்றுகிற விசையே போய்விடும் என்றாள் சிஃபா. "அப்ப புடிக்கக்கூடாதுன்னு தெரிஞ்சிக்கினேதான் ஓடுதா அது?" என்றார் சைதா. அந்தக் கேள்வியைச் சிஃபா வகுப்புக்குக் கொண்டுவந்த அன்று ஹேமாவதி பாடமே நடத்தவில்லை, அந்த ஒரு மணி நேரமும் அதைப் பற்றியே பேசினார்கள்.

இரண்டாம் ஆண்டு முடிவில் சிஃபா எண்பத்தொரு கிலோ. மூன்றாம் ஆண்டு முடிவில் நூற்றிருபத்து நான்கு. அவள் நடந்தால் தாழ்வாரத்தில் சத்தம் கேட்டது. பிளாஸ்டிக் நாற்காலிகள் அவளுக்குக் காலை அகட்டிக்கொடுத்தன. ஷேர் ஆட்டோவில் அவள் உட்காருகிற பக்கம் டயர் அமுங்கியதால், வண்டிக்காரர்கள் அவளை நடுவில் உட்கார வைத்தார்கள். அவளுக்கு ஒரு சிரமமும் இல்லை, படி ஏறினால் மூச்சு வாங்கவில்லை. பொன்னேரியில் இரண்டு டாக்டர்கள் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், எல்லாம் சரியாக இருந்தது. ஒருவர் சோற்றைக் குறைக்கச் சொன்னார். குறைத்தால் அவள் இளைத்தாள், எடை இறங்கவில்லை. தரம் பார்க்கும் குழு வந்தபோது அவளைத் தராசில் நிற்க வைத்து மாலை போட்டார்கள். குழுவின் தலைவர் முள்ளைக் குனிந்து பார்த்துவிட்டு, மிக நன்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கல்லூரிக்கு நல்ல தரம் கிடைத்தது.

2025 பிப்ரவரியில் தேர்வாய் கண்டிகையில் இருந்து ஒரு மோட்டார் கம்பெனி ஆள் எடுக்க வந்தது. எழுத்துத் தேர்வில் எல்லாக் கேள்விக்கும் சரியாக எழுதியது சிஃபா ஒருத்திதான். நேர்முகத்தில் அவள் சொன்ன ஒரு பதிலைக் கம்பெனி இன்ஜினியர் தன் நோட்டில் குறித்துக்கொண்டார். பிறகு உடல்தகுதி. உயரம் நூற்றைம்பத்திரண்டு சென்டிமீட்டர், எடை நூற்றறுபத்தெட்டு கிலோ. லேப்டாப் பெருக்கி வகுத்துவிட்டுச் சிவப்புக் காட்டியது. ஆள் எடுக்கும் அதிகாரி லோகு நல்ல மனிதர், கும்மிடிப்பூண்டி பக்கம்தான். அவர் எதிரில் நிற்கிற ஒல்லிப் பெண்ணையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். பெயரை மூன்று முறை ஏற்றிப் பார்த்தார், மூன்று முறையும் வெளியே தள்ளியது. ஹேமாவதி போய் அவரிடம் வாதாடினாள். அது சதை இல்லை, படிப்பு என்று சொன்னாள்.

"நான் நம்புறேன் மேடம். கண்ணால பாக்கறனே, நம்பாம இருப்பனா? ஆனா சிஸ்டம் எடுக்கல. அதுல படிப்புக்குத் தனியா கழிக்க எடம் இல்ல. மே மாசத்துக்குள்ள அறுவதுக்குக் கீழ வந்துட்டா, அன்னிக்கே ஆர்டர் குடுக்குறேன், இது என் வார்த்தை."

மற்ற முப்பத்தொரு பேரையும் அன்றே எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் எல்லோரும் ஐம்பதும் அறுபதுமாக, காலை எடையில் சுத்தமாக இருந்தார்கள்.

வேறு கம்பெனிகளுக்கும் அவள் போனாள். எல்லா இடத்திலும் அதே லேப்டாப். மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை சிஃபா ஆய்வகத்துக்கு வந்தாள். கான்கிரீட் மேடையில் உட்கார்ந்தாள், ஏனென்றால் வேறு எதிலும் இப்போது உட்கார முடிவதில்லை. அம்மா மூன்று நாளாகச் சாப்பிடவில்லை என்று சொன்னாள். பிறகு ஹேமாவதியின் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"மிஸ், நீங்கதான ஏத்துனீங்க. நீங்களே எறக்கிடுங்க மிஸ்."

ஹேமாவதி முடியாது என்றாள். அது என் வேலை இல்லை என்றாள். இறக்க எனக்குத் தெரியாது என்றாள், இது பொய் இல்லை. வேறு என்ன வழி என்று சிஃபா கேட்டாள். ஒரு வாரம் தூங்காமல் யோசித்தும் ஹேமாவதிக்கு ஒன்றும் தோன்றவில்லை. கடைசியில் வழி தற்செயலாகத்தான் அகப்பட்டது. கல்லூரி அந்த வருடம் புதிதாக வாங்கிய கற்றல் செயலியை எல்லா மாணவர்களும் கட்டாயம் முடிக்க வேண்டும் என்று உத்தரவு. பாடம் இரண்டு நிமிடப் படமாக ஓடும், வேகத்தைக் கூட்டிக்கொள்ளலாம். பிறகு நான்கு விடை காட்டி ஒன்றைத் தொடச் சொல்லும். சரியாகத் தொட்டால் நட்சத்திரம் தெறித்து விழும். சிஃபா மின்மாற்றி பற்றி நாற்பது கேள்விகளைத் தொட்டு நாற்பது நட்சத்திரம் வாங்கிவிட்டு எழுந்தபோது தாழ்வாரத்தில் சத்தம் கொஞ்சம் குறைந்திருந்தது. தராசில் ஏற்றிப் பார்த்தார்கள். இரண்டு கிலோ இறங்கியிருந்தது. விடையைத் தொடத் தொட, கேள்வியோடு சேர்ந்து படிப்பும் போய்க்கொண்டிருந்தது.

பிறகு எல்லாம் முறைப்படி நடந்தது. ஹேமாவதி அவளைத் தினமும் மூன்று மணி நேரம் பக்கத்தில் உட்கார வைத்துச் செயலியில் தொட வைத்தாள். எந்த அத்தியாயம் எவ்வளவு எடை என்று அவளுக்கு இப்போது தெரிந்துவிட்டது. மின்மாற்றி பதினெட்டு கிலோ. நேர்மின் இயந்திரங்கள் இருபத்திரண்டு. பாதுகாப்பு ரிலேக்கள் பதினாறு. ஏற்றும்போது மூன்று வருடம் ஆனது, இறக்க மூன்று மாதம்கூடப் பிடிக்கவில்லை. ஏப்ரல் நடுவில் ஒரு புதன்கிழமை, சிஃபா மேசைமேல் கிடந்த அந்தப் பழைய மோட்டாரைத் தொட்டுப் பார்த்து, "இது இன்னாது மிஸ், பம்பா?" என்று கேட்டாள். கேட்ட முகத்தில் ஒரு கள்ளமும் இல்லை. ஹேமாவதி மோட்டார் என்றாள். வகுப்பை முடித்துவிட்டு ஆசிரியர் அறைக்குப் போய், கதவைச் சாத்தாமலேயே அழுதாள். பார்த்தவர்கள் தாளாளர் ஏதோ சொல்லிவிட்டார் என்று நினைத்துக்கொண்டார்கள்.

மே மாதம் பத்தாம் தேதி அறுபத்து மூன்று கிலோவில் வந்து நின்றது. மிச்சம் இருந்தது ஒரே ஒரு பாடம், அந்தத் துரத்துகிற ரோட்டர். அதற்குச் செயலியில் இருபது கேள்விகள் இருந்தன. ஹேமாவதி திரையை மூடிவிட்டு, நான்கு கிலோவை வேறு எப்படியாவது குறைக்கலாம், பட்டினி கிடக்கலாம், முடியை வெட்டலாம் என்று ஏதேதோ சொன்னாள். சிஃபா ஏற்கனவே பட்டினிதான் கிடந்துகொண்டிருந்தாள். அவள் மிஸ்ஸின் கையிலிருந்து போனை மெதுவாக வாங்கி, திறந்து, இருபது கேள்விகளையும் தொட்டு முடித்தாள். கடைசி நட்சத்திரம் விழுந்தபோது ஆச்சரியமாகச் சிரித்தாள். நாற்பத்தேழு என்றது தராசு. லோகு வார்த்தை தவறாத மனிதர், அன்றைக்கே ஆர்டர் வந்தது.

சிஃபா இப்போது வேலையில் இருக்கிறாள். மோட்டார்களுக்கு மேல்மூடி வைத்து நான்கு திருகு முடுக்குகிற வரிசை. கல்லூரி வாசலில் அவளுடைய படம் போட்ட பேனர் ஒரு மாதம் இருந்தது. ஹேமாவதி ஒருமுறை கம்பெனி பஸ் நிற்கிற இடத்தில் அவளைப் பார்த்தாள். அடையாள அட்டை கழுத்தில் இருந்தது. "சூப்பரா கீறேன் மிஸ், காத்து மாரி கீது ஒடம்பு" என்று சொல்லிவிட்டு, ஓடிப்போய்ப் படியில் தொற்றிக்கொண்டாள். ஹேமாவதிக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. யார்மேல் கோபப்படுவது என்று தேடிப் பார்த்தாள். லோகு நல்லவர். மணவாளன் படிவத்தில் கேட்டதை எழுதினார். பெண்ணோ அம்மா சாப்பிட வேண்டும் என்று நினைத்தாள். தேடித் தேடிக் கடைசியில் தன்னிடமே வந்து நின்றாள்.

ஆகஸ்ட் மாதம் ஒரு பிற்பகல் சைதா கல்லூரிக்கு வந்தார். மகளுக்கு வேலை கிடைத்ததற்குத் தட்டில் இனிப்பும் ஒரு பொட்டலம் இறால் கருவாடும் கொண்டுவந்திருந்தார். ஹேமாவதி உட்காரச் சொன்னாள். அவர் உட்கார்ந்ததும் இரும்பு நாற்காலி முனகியது, பின்காலிரண்டும் வளைந்தன. இருவரும் எழுந்து அதைப் பார்த்தார்கள். சைதாவை இதுவரை யாரும் எடை போட்டதில்லை. ஹேமாவதி அவரை வாசல் தராசுக்கு அழைத்துப் போனாள். மெலிந்த அந்த அம்மாள் நூற்றெழுபத்தொரு கிலோ இருந்தார்.

சைதா அதற்கு அதிகம் ஆச்சரியப்படவில்லை. கொஞ்ச நாளாகவே மணலில் கால் புதைவதாகச் சொன்னார். அவர் வந்தது வேறு விஷயத்துக்கு. பழவேற்காட்டு ஐஸ் கம்பெனியில் மோட்டார் ஒரு வாரமாக வேறு மாதிரி உறுமிக்கொண்டிருந்ததாம். மூன்று கம்பியில் ஒன்று போய்விட்டது, இரண்டிலேயே இழுக்கிறது, நிறுத்துங்கள் இல்லாவிட்டால் எரிந்துவிடும் என்று இவர் போய்ச் சொன்னாராம். கருவாட்டுக்காரி மோட்டாருக்கு வைத்தியம் பார்க்கிறாள் என்று சிரித்தார்களாம். மறுநாள் எரிந்துவிட்டது. அதைச் சிஃபாவிடம் சொல்லலாம் என்று ஆசையாக வீட்டுக்குப் போனால், அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. தூக்கம் வருதும்மா என்று படுத்துவிட்டாள்.

"எனக்கு எல்லாம் நெனப்பு கீது மிஸ்ஸு. அவ சொன்னது ஒண்ணுவிடாம கீது. யாராண்ட சொல்றதுன்னுதான் தெரில. ஞாயித்துக்கெழம அவளுக்கு லீவு. ஒக்காரவச்சி நானே திரும்பச் சொல்லித் தரட்டுமா?"

தராசு முள் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. கம்பெனியில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை உடல்தகுதி பார்ப்பார்கள் என்பது ஹேமாவதிக்குத் தெரியும், அடுத்தது நவம்பரில். ஹேமாவதி சைதாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். பதினான்கு வருட வாத்தியார் வேலையில் யாரிடமும் சொல்லாததைச் சொன்னாள்.

"வேணாங்க்கா. சொல்லித் தராதீங்க."

சைதா ஏன் என்று கேட்கவில்லை. கேள்வி கேட்காமல் அவர் இறங்கிப் போனது அதுதான் முதல் தடவை. இனிப்புத் தட்டை உள்ளே மேசையில் வைத்துவிட்டு, படிகளில் ஒவ்வொன்றாகக் கால் வைத்து இறங்கினார். இப்போதும் வாரத்தில் நான்கு நாள் அக்கரைக்குக் கருவாடு வாங்கப் போகிறார். அவர் ஏறினால் படகு ஒரு பக்கமாகச் சாயும் என்பது பழவேற்காட்டில் எல்லோருக்கும் தெரியும். யாரும் சொல்ல வேண்டியதில்லை, இரண்டு பேர் தாமாகவே எழுந்து எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்துகொள்கிறார்கள்.